மஸ்கற் தின்ற பழி

மூன்றாவது ரொட்டியைக் கல்லில் போட்டபோதே பைறோஸாவுக்குத் தெரிந்துவிட்டது, நாலாவதை நின்று சுட முடியாது என்று. இடுப்பில் தொடங்கிய வலி இரண்டு தொடைகளின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குக் கீழே பாதம் இருக்கிறதா இல்லையா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்! அடுப்பைத் தணித்தாள். குசினி மேசையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி முன்னால் சாய்ந்து நின்றாள். அப்பாடா... ஒரு நிமிடத்தில் வலி தளர்ந்தது. வெளியே, கடற்கரைக்கு இறங்கும் அந்த வெள்ளவத்தை ஒழுங்கையில், பாண் விற்கும் முச்சக்கர வண்டி தன் பழைய பாட்டை ஊதிக்கொண்டு போனது.

"மாமி, இது என்ன?"

மருமகள் நிஹ்லா குசினி வாசலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வீட்டிலும் சோதனைத்தாள் திருத்துகிற முகத்தோடுதான் நடமாடுவாள். விரல் நுனியில் ஒரு எண்ணெய்க் கடதாசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நெய்யில் கிண்டிய மஸ்கற் அல்வா சுற்றி வந்த கடதாசி என்பது வாசத்திலேயே தெரிந்தது.

"உங்கட அலுமாரில ஈந்திச்சு. தொழுற உடுப்புக்குக் கீழ... தொழுற உடுப்புக்குக் கீழ மாமி!"

பைறோஸா மருமகளின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் புருஷன் ஸாலிஹ் பத்திரிகையை அகல விரித்துப் பிடித்திருந்தார். பத்து நிமிடமாக ஒரே பக்கத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

"சீனி கூடினா கால் நரம்பு பழுதாப் பெய்த்திடும் எண்டு டொக்டர் செல்லல்லயா? விடிஞ்சா கால் விறைக்கிது, நிக்க ஏலா எண்டு அழுவுறீங்க. இங்கால ஒளிச்சு ஒளிச்சு மஸ்கற்! நான் எத்தின பேருக்குச் சமைக்கிற, எத்தின பேருக்குக் காவல் ஈக்கிற?"

சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி மகன் ஷாமில் வந்தான். நிஹ்லா அவன் பக்கம் திரும்பினாள்.

"அதோட போச்சா! முந்தாநாள் சுப்பர்மார்க்கட்டுல நீங்களும் கண்டீங்கதானே? ட்ரொலிய தள்ளிக்கொண்டு முக்கா மணித்தியாலம் சுத்தினா. அரிசி பாத்தா, மீன் பாத்தா, எனக்குத்தான் களைச்சுப் பெய்த்து! வெளிய வந்து ட்ரொலிய விட்டு பத்தடி வைக்கல்ல... 'யா அல்லாஹ், ஏலா'ண்டு மதில்ல குந்திட்டா. இது வருத்தமா, நடிப்பா?"

நடிப்பு!

பைறோஸாவையா சொல்கிறாள்! நாற்பத்திரண்டு வருடம் இந்தக் குடும்பத்தில் குப்பை கொட்டியவள். படுக்கையில் விழுந்த மாமியாரை ஒன்பது வருடம் தூக்கி இறக்கியவள். ஒருநாளும் ஒருவரும் அவளைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. ஆனால் என்ன பதில் சொல்வது? ட்ரொலியைப் பிடித்தால் கால் நடக்கிறது, விட்டால் மறுக்கிறது. ஏன் என்று அவளுக்கே விளங்காததை மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது?

"உம்மா, உண்மையச் செல்லுங்க" என்றான் ஷாமில். "இதத் திண்டது நீங்களா?"

பத்திரிகையின் ஓரம் நடுங்கியது. அதைக் கண்டது பைறோஸா மட்டும்தான்.

"ஓ மகன்... நான்தான் திண்ட."

ஷாமில் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அப்ப உம்ராவுக்கு உங்கள எப்பிடிக் கூட்டிப் போற? அங்க கஃபாவச் சுத்தி ஏழு சுத்து நடக்கணும். இங்க ஒரு ரொட்டிக்கு நிக்க ஏலா. வாயையும் கட்டமாட்டீங்க... வாப்பாவையும் உங்களையும் நான் ஒருத்தன் எப்பிடிப் பாக்க? நிஹ்லாட உம்மா போகட்டும். இன்னம் ரெண்டு கிழமையில பேர் குடுக்கணும்."

உம்ரா... பதினொரு வருடமாக அவள் துஆவில் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஒரு மக்காப் பயணம். புதுப் பாஸ்போட் கூட எடுத்து வைத்தாயிற்று. பைறோஸா திரும்பி, நாலாவது ரொட்டியைக் கல்லில் போட்டாள். குனிந்து நின்றுதான் போட்டாள். கண்ணீர் சூடான கல்லில் விழுந்து சுர்ரென்றது.

*

ஏன் அந்தப் பழியை ஏற்றாள் என்று கேட்கிறீர்களா? அதற்கு ஸாலிஹைத் தெரிந்திருக்க வேண்டும். மருதானையில் முப்பது வருடம் பயணப் பை, சூட்கேஸ் கடை நடத்தியவர். கடைக்குள் அவர் இருமினால் வேலைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் இருதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்து வீட்டோடு இருக்க வந்த அவரை, ஒருநாள் டொக்டர் தடுத்த மஸ்கற் துண்டோடு ஷாமில் கையும் களவுமாகப் பிடித்தான். "உங்களுக்கு வெக்கமில்லயா வாப்பா!" என்று மருமகளுக்கு முன்னால் சத்தம் போட்டான். பயத்தில் போட்ட சத்தம்தான். ஆனால் அந்த மனிதர் இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அன்றைக்கு பைறோஸா முடிவெடுத்தாள், இனி இந்த வீட்டில் இவரை ஒருவரும் குனிய வைக்கக் கூடாது என்று. மனிதர் திருந்தினாரா? எங்கே! வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்தால் பழைய சிநேகிதர்களைப் பார்க்கவென்று மருதானைக்குப் போவார். சட்டைப் பையில் மஸ்கற்றோடு திரும்பி வருவார். அவள் பறித்து, ஏசி, நகத்தளவு துண்டை மட்டும் கையில் வைத்துவிட்டு மிச்சத்தை வீசுவாள். குப்பையில் போட்டால் நிஹ்லா காண்பாள் என்று கடதாசியைத் தன் அலுமாரியில் செருகுவாள். அவ்வளவுதான் அவளுடைய களவு.

அந்தக் களவு அவள் மருந்திலும் கை வைத்தது. போன மாதம் குடும்ப டொக்டரிடம் ஷாமில், "உம்மா இனிப்புத் திண்றா டொக்டர், அதுதான் கால் விறைக்கிது" என்றான். டொக்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவரும் சீனிக்குக் கொடுத்த குளிசையின் அளவைக் கூட்டி எழுதிவிட்டார். அதிலிருந்து பகல் ஆனால் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். அதையும் அவள் சொல்லவில்லை. சொன்னால், ஏன் என்று கேட்பார்களே!

ஆனால் தொழுகையில் ஒரு விசித்திரத்தை அவள் கண்டிருந்தாள். நிமிர்ந்து நின்று ஓதும்போது கால்கள் செத்துப்போகும். ருகூவுக்குக் குனிந்தால் உயிர் திரும்பி வரும். அதனால் அவளுடைய ருகூ நீண்டது. "மாமிட ருகூ ஒரு ஸூறா ஓதுற நேரம்" என்று நிஹ்லா ஒருமுறை யாருக்கோ பெருமையாகச் சொன்னாள். பைறோஸாவுக்கு வெட்கமாக இருந்தது. அது பக்தி இல்லை, வலி என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.

*

புதன்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு எழும்பியவள் அப்படியே கட்டிலில் சரிந்தாள். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. வாய் குழறியது. வீட்டில் ஸாலிஹ் மட்டும். அவர் ஓடி வந்தார், கையைப் பிடித்தார், "பைறோஸா... புள்ள... என்ன புள்ள!" என்று பதறினார். சீனி இறங்கினால் இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று தெரியும்; சீனிப் போத்தல் எங்கே இருக்கிறதென்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? நிஹ்லா அதை ஒளித்து வைத்து இரண்டு வருடம்! சட்டைப் பையைத் துழாவினார். வெள்ளிக்கிழமை அவள் கண்ணுக்குத் தப்பிய மிச்சம், நூலும் தூசும் ஒட்டிய ஒரு துண்டு மஸ்கற். அதைப் பிய்த்து அவள் வாயில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நிஹ்லா பள்ளிக்கூடம் விட்டு உள்ளே வந்தாள்.

"மாமி...!"

கத்த எடுத்த வாய் பாதியில் நின்றது. வியர்வையில் நனைந்த சேலை, வெளுத்த உதடு, நடுங்கும் விரல். கைப்பையை எறிந்துவிட்டு ஓடி வந்து மாமியின் விரலில் ஊசி குத்தி மெஷினில் பார்த்தாள். ஐம்பத்திரண்டு! எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாத சீனி.

நிஹ்லா அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் அல்லவா? இனிப்புத் தின்று சீனி ஏறிய மனிசிக்கு ஐம்பத்திரண்டு எப்படி வரும்? தேத்தண்ணியில் சீனி கரைத்துப் பருக்கினாள். மாமிக்கு நிறம் திரும்பியதும் குடும்ப டொக்டருக்குப் போன் எடுத்து, கூட்டிய குளிசையை நிற்பாட்டினாள். பின்னேரமே மூன்று மாதச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். அடுத்த நாளைக்குக் களுபோவில பக்கத்தில் ஒரு பெரிய டொக்டரைச் சனல் பண்ணி நேரம் எடுத்தாள்.

"நான் ஏசுவன் மாமி" என்றாள் மெல்ல. "ஆனா நான் பிழையா ஏசினா, அது எனக்குத் தெரியோணும்."

*

டொக்டர் பேர்ணடெற் கொட்டாஞ்சேனைக்காரி. நரைத்த தலை, கணீரென்ற குரல். நாலு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்; ஸாலிஹ் மூலைக் கதிரையில். ஷாமில் தொடங்கினான்: "உம்மாக்கு சீனி டொக்டர், அதுதான் கால்..."

"தம்பி, கால் உங்களுக்கா நோகுது?" என்றார் டொக்டர். "அம்மா, நீங்க சொல்லுங்கோ. எப்ப கூட? எப்ப குறைய?"

யாராவது தன்னிடம் இதைக் கேட்டு எவ்வளவு காலம்! பைறோஸா சொல்லச் சொல்ல டொக்டர் எழுதினார். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார், குதிக்காலில் நடக்கச் சொன்னார். பாதத்தில் நாடித் துடிப்பை நெடுநேரம் தொட்டுப் பார்த்தார். மெல்லிய நைலோன் நூலால் விரல்களைத் தொட்டு, "தெரியுதா?" என்றார். முழங்காலை மடக்கி நீட்டினார். சலம் போவதில் கஷ்டம் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு சட்டென்று ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, கடைக்குப் போய் ட்ரொலி தள்ளிக்கொண்டு நடந்தா எப்பிடி?"

பைறோஸா திரும்பி மருமகளைப் பார்த்தாள். நிஹ்லாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நடப்பா டொக்டர்..." என்றாள் நிஹ்லா. "முக்கா மணித்தியாலம் நடந்தா. நான்தான் கண்ட. விட்டா... பத்தடி போக மாட்டா. நான் அத..."

"ருகூவுலயும் சொகம் டொக்டர்" என்றாள் பைறோஸா. "தொழக்குள்ள குனிவமே... அதுல."

"எங்க, ஒருக்கா செய்து காட்டுங்கோ."

பைறோஸா எழுந்தாள். முழங்கால்களில் கை வைத்து, முதுகைத் தட்டையாக்கிக் குனிந்தாள். அவள் நிமிர்கிற வரைக்கும் டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தெளிவா எனக்கு ஆரும் சொன்னதில்ல" என்றார். "சீனியால நரம்பு கெட்டா, நிண்டாலும் குனிஞ்சாலும் ஒரே எரிவுதான். இரத்தக்குழாய் அடைச்சா நடக்கேக்க நோகும். ஆனா சும்மா நிண்டாலே ஆறிடும், குனியத் தேவையில்ல. இவவுக்குப் பாதத்தில நாடி நல்லா அடிக்குது. முழங்கால் வாதம் இருக்குத்தான், ஆனா அது பாதத்த விறைக்க வைக்காது. முள்ளந்தண்டுக்குள்ள நரம்பு போற வழி ஒடுங்கியிருக்கு எண்டு நினைக்கிறன். நிமிர்ந்தா நெருக்கும், குனிஞ்சா கொஞ்சம் திறக்கும். ட்ரொலிய ஆர் நிமிர்ந்து நிண்டு தள்ளுறது? ஸ்கேன் எடுத்துப் பாப்பம். சீனி இருக்கிற வயசானவையெண்டா, எல்லாப் பழியையும் நாங்க சீனிட தலையில போட்டிடுவம்."

பிறகு இரத்தப் பரிசோதனைத் தாளைத் தூக்கிப் பார்த்தார். "மூண்டு மாதச் சீனி ஆறு தசம் எட்டு. இந்த வயசுக்கு மிச்சம் நல்லது! ஆர் இவ இனிப்புச் சாப்பிடுறா எண்டு சொன்னது? இல்லாத சீனிக்குக் குளிசையக் கூட்டி, மனிசியை விழுத்தப் பாத்தீங்கள்."

"உம்மாவேதான் செல்லின..." என்று ஷாமில் தடுமாறினான். "உம்மா, நீங்கதானே திண்ட எண்டு..."

பைறோஸா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது மூலைக் கதிரையிலிருந்து ஒரு விம்மல் வந்தது.

"நான்டா மகன்!" ஸாலிஹ் எழுந்து நின்றிருந்தார். முப்பது வருடம் கடையில் அதட்டிய குரல் இப்போது குழந்தையின் குரலாக உடைந்தது. "நான் திண்ட... நான்! ரெண்டு வருஷமா. எனக்கு ஏச்சு விழும் எண்டு அவ மறைச்சா. என்ட மானத்தக் காப்பாத்த அவட மானத்தக் குடுத்தா. நான் பேப்பருக்குப் பின்னால ஒளிச்சு ஈந்த... ஆம்புளயா நான்!"

"இப்ப எதுக்கு இது... உங்கட நெஞ்சுக்கு ஏலா, இருங்க" என்று பைறோஸா பதறினாள். அப்போதும் அவருடைய நெஞ்சுதான் அவளுக்கு!

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, உங்களுக்கும் ஒரு ஏச்சு இருக்கு. புருஷனைக் காப்பாத்தினது சரி. ஆனா டொக்டரிட்டப் போய் இல்லாததுக்குத் தலையாட்டினா, மருந்து பிழைச்சுப் போகும். இன்னும் கொஞ்சம் போயிருந்தா இந்தக் கால் உங்கட பேச்சைக் கேக்காமலே போயிருக்கும். இனி உங்கட உடம்புக்கு உங்கட வாயாலதான் சாட்சி. விளங்குதா?"

"விளங்குது டொக்டர்" என்றாள் பைறோஸா. ஏச்சு வாங்கினவள் போலவே அவள் இல்லை. முகம் நிமிர்ந்துவிட்டது. நடிப்பில்லை, நோய். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, இடம் இருக்கிறது. அவள் பொய்க்காரி இல்லை!

*

ஸ்கேனும் அதையே சொன்னது. சத்திரசிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், குனிந்து செய்யும் பயிற்சிகளைத் தவறாமல் செய்தால் மூன்று மாதத்தில் பயணம் போகலாம், இடையிடையே உட்கார்ந்தால் போதும் என்றார் டொக்டர் பேர்ணடெற். சலம் அடைத்தாலோ கால் பலம் இழந்தாலோ உடனே வர வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

பேர் கொடுக்கும் நாளுக்கு முதல் நாள் நிஹ்லாவின் உம்மா ஜெஸீமா கிருலப்பனையிலிருந்து வந்தார். நல்ல மனிசி. புது அபாயா கூடத் தைக்கக் கொடுத்துவிட்டாராம். கதிரை நுனியில் உட்கார்ந்து, "ராத்தா, கேள்விப்பட்ட. இது உங்கட இடம். நான் விலகிக்கிற" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

எல்லோரும் பைறோஸாவைப் பார்த்தார்கள். அவள் என்ன சொல்வாள் என்று எல்லோருக்கும் தெரியும். நாற்பத்திரண்டு வருடமாக ஒரே பதில்தானே! கோழிக் கறியில் நல்ல துண்டா, ஜன்னலோரக் கட்டிலா, பெருநாள் சேலையா... 'எனக்கென்னத்துக்கு, அவங்க எடுக்கட்டும்.' அந்தப் பதில் வந்துவிட்டது போல ஷாமில் பெருமூச்சுக் கூட விட்டுவிட்டான்.

பைறோஸாவின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. அங்கேயே நின்றது. உங்கட உடம்புக்கு உங்கட வாயாலதான் சாட்சி என்று டொக்டர் சொன்னாரே. மனசுக்கு மட்டும் வேறு ஆளா சாட்சி சொல்ல வரும்?

"ஜெஸீமா, அடுத்த முற உங்களப் போகச் செல்லி நானே துஆ கேக்கிற" என்றாள். "இந்த முற நான் போற. என்ட இடம் எனக்கு வேணும்."

ஸாலிஹின் முகத்தில்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் நிஹ்லா ஓடி வந்து மாமியின் கால்மாட்டில் உட்கார்ந்து, மடியில் முகத்தைப் புதைத்துவிட்டாள்.

"மாமி... நடிப்பு எண்டு செல்லின வாய் இது! மன்னிச்சுக்கங்க மாமி... என்னய மன்னிச்சுக்கங்க..."

"எழும்புங்க மகள்." பைறோஸா அவள் தலையைத் தடவினாள். "அண்டைக்கு நீங்க மெஷின்ல குத்திப் பாக்காட்டி இண்டைக்கு நான் எங்க? ஏசினதும் நீங்க, காப்பாத்தினதும் நீங்க. ரெண்டையும் நான் மறக்க மாட்ட!"

அழுகைக்கு நடுவே நிஹ்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெஸீமாவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஷாமில் அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து வந்து, இரண்டு கையாலும் உம்மாவிடம் நீட்டினான்.

*

மூன்று மாதம் கழித்து, கட்டுநாயக்க விமான நிலையத்து வாசலில் வேன் நின்றது. ஷாமில் சூட்கேஸ்களை இறக்கி ட்ரொலியில் அடுக்கினான். எல்லாம் ஸாலிஹின் பழைய கடைச் சரக்கு; இன்றைக்கும் ஒரு சில்லு கூடக் கழலவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. ஷாமில் ட்ரொலியின் கைப்பிடியைப் பிடிக்கப் போனான். அதற்குள் இரண்டு கைகள் அங்கே வந்துவிட்டன.

"உம்மா, பாரம்! உடுங்க, நான் தள்ற."

"நீங்க உடுங்க!" வழியனுப்ப வந்த நிஹ்லா புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், "மாமி தள்ளட்டும். எங்கட மாமியப் போல ட்ரொலி தள்ள இந்தக் கொழும்பிலயே ஆள் இல்ல!" என்றாள்.

பைறோஸா கைப்பிடியில் சாய்ந்து, கொஞ்சம் முன்னால் குனிந்தாள். கால்கள் அவள் பேச்சைக் கேட்டன. பக்கத்தில் மெதுவாக நடந்து வந்த ஸாலிஹின் சட்டைப் பையை ஒரு கையால் தட்டிப் பார்த்தாள். காலி. திருப்தியோடு மறுபடி கைப்பிடியைப் பிடித்தாள்.

"அங்க பெய்த்து உங்களுக்கு வீல்செயார் எடுக்கணும் எண்டு இருதய டொக்டர் செல்லினாருதானே?" என்றாள் அவரிடம். "அதையும் நான்தான் தள்ளுவன். ஏழு சுத்தும்."